எட்டாயிரத்து எண்பதாம் வாயில்

குடிசைக்கு ஒரு வாயில். மாளிகைக்கு இரண்டு வாயில். கோட்டைக்கு நான்கு வாயில். கணிப்பொறி அறையின் மூலையில் தூசு படிந்து கிடக்கிறதே ஒரு பழைய பெட்டி, அதற்கு எத்தனை வாயில் தெரியுமா? 65,535! இத்தனை வாயில்களை உடைய பெட்டி பயனற்றுக் கிடக்க, "எல்லைப்புறத் தமிழரின் எழுத்தை வைக்க இணையத்தில் நமக்கென்று இடமில்லையே!" என்று ஏங்கிக்கொண்டிருக்கிறோம் நாம். அந்த ஏக்கம் வேண்டாதது. இடம் இருக்கிறது. ஆனால் அந்த இடத்தில் எப்படிக் குடிபுகுவது, எதுவரை அங்கே தங்குவது என்பதில் நமக்குத் தெளிவு வேண்டும். அதைப் பற்றியே இங்குச் சில சொல்ல விரும்புகிறேன்.

வாயில் என்று எதைச் சொல்கிறேன்? இணையத்தின் வழியாக ஒரு கணிப்பொறியை நாடிச் செல்ல இரண்டு எண்கள் வேண்டும். ஒன்று, அந்தக் கணிப்பொறியின் முகவரி. மற்றொன்று, அதனுள் எந்தப் பணியை நாடி வந்தோம் என்பதைக் கூறும் எண். முன்னது வீட்டைக் காட்டும்; பின்னது அந்த வீட்டில் எந்தக் கதவைத் தட்டுவது என்பதைக் காட்டும். இந்தப் பின்னதைத்தான் கணிப்பொறி படிப்போர் போர்ட் என்கின்றனர். நாம் வாயில் எண் என்போம். அஞ்சல் நிலையங்கள் தமக்குள் மின்னஞ்சலைக் கைமாற்றிக்கொள்ளும் வாயில் 25. தொலைவிலிருந்து பாதுகாப்பாக உள்நுழையும் வாயில் 22. வலைப்பக்கங்களை வழங்கும் வாயில் 80. அவற்றையே பிறர் இடைமறித்துப் படிக்க இயலாதவாறு மறைகுறியிட்டு வழங்கும் வாயில் 443.

நாம் நாள்தோறும் உலாவியில் முகவரியை எழுதுகிறோம். 80 என்றோ 443 என்றோ எழுதுவதில்லை. எண் ஒன்றும் எழுதாவிட்டால் உலாவி தானாகவே இவ்விரண்டில் ஒன்றைத் தட்டும். இவையே வலைக்கு இயல்பான வாயில்கள். வேறு வாயிலில் ஒரு தளம் இயங்குமானால், முகவரியின் பின்னால் ஒரு முக்காற்புள்ளி இட்டு அந்த எண்ணையும் எழுதியாக வேண்டும். எழுதாவிட்டால் தளம் அங்கே இருந்தும் இல்லாததுபோல்தான்.

எல்லைப்புறத்து மாணவருக்கு இதை நெடுநேரம் விளக்க வேண்டியதில்லை. பாலக்காட்டிலிருந்து கோவைக்குப் போக எல்லாரும் அறிந்த வாயில் வாளையார். ஆயினும் கொழிஞ்சாம்பாறைக்காரர் வேலந்தாவளம் வழியாகப் போய்விடுவார். பொள்ளாச்சிக்குப் போகிறவருக்குக் கோபாலபுரமும் மீனாட்சிபுரமும் உண்டு. முதலமடையார்க்குக் கோவிந்தாபுரம். மலைப்பக்கம் சென்றால், குமுளி பெருவாயில். நெடுங்கண்டத்தார்க்குக் கம்பம்மெட்டு, மூணாற்றார்க்குப் போடிமெட்டு, மறையூரார்க்குச் சின்னாறு. 2017 ஜூலை 1 அன்று சரக்கு சேவை வரி வந்து வணிகவரிச் சாவடிகள் எடுபடும் வரையில் வாளையாரில் லாரிகள் வரிசையாக நின்ற காட்சியை நம் பெற்றோர் அறிவர். பெருவழி அடைபட்டபோது ஊர்வழி அறிந்தவன் வீடு போய்ச் சேர்ந்தான். அறியாதவன் வரிசையில் நின்றான். கணிப்பொறியிலும் அவ்வளவுதான்.

இனி, எதற்காக இந்த வழி தேட வேண்டும் என்று கேட்கலாம். சொல்கிறேன்.

1956 நவம்பர் 1 அன்று மொழிவழி மாநிலங்கள் அமைந்தபோது கன்னியாகுமரியும் செங்கோட்டையும் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் அமைந்தன. கொச்சி நாட்டின் பகுதியாக இருந்த சித்தூரும் கேரளத்துக்கே உரியதாயிற்று. பின்னர் 1957 ஜனவரி 1 அன்று பாலக்காடு மாவட்டமும், 1972 ஜனவரி 26 அன்று இடுக்கி மாவட்டமும் உருவாயின. கோடு போட்டவர்கள் போட்டார்கள். கோட்டின் இப்பால் வாழ்ந்த தமிழர் வாழ்ந்தபடியே இருந்தனர். அவர்களுடைய குழந்தைகள் தாய்மொழியில் தொடக்கக் கல்வி பெற வசதி செய்ய வேண்டும் என்று அரசியலமைப்பின் 350-ஏ பிரிவு கூறுகிறது. தமிழ், கன்னடச் சிறுபான்மையோர் தம் மொழியிலேயே அரசுக்கு எழுதவும், அம்மொழியிலேயே மறுமொழி பெறவும் 1969 ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் வழி வகுத்தது. நல்ல சட்டம், மறுப்பார் இல்லை. ஆனால் சட்டம் தரும் இடம் விண்ணப்பத் தாளில். நம் வாழ்வை நாமே எழுதி, நாமே தொகுத்து, நாடுவோர்க்கெல்லாம் தரும் இடத்தை எந்தச் சட்டம் கொண்டுவந்து கொடுக்கும்? அது நாம் கட்டிக்கொள்ள வேண்டிய வீடு.

அந்த வீட்டில் வைக்கப் பொருள் இல்லையா? எவ்வளவோ உண்டு! பரம்பிக்குளம்-ஆழியாறு உடன்படிக்கையின்படி மணக்கடவு அணைக்கட்டில் ஆண்டுக்கு 7.25 டி.எம்.சி. தண்ணீர் சித்தூர்ப் பகுதிக்குத் தரப்பட வேண்டும். இந்தக் கணக்கு எருத்தேம்பதியிலும் வடகரப்பதியிலும் உழவு செய்யும் ஒவ்வொருவரின் வாழ்க்கைக் கணக்கு. அதை எளிய தமிழில் ஒரே பக்கத்தில் எழுதி வைத்தால் எத்தனை பேருக்குப் பயன்படும்! 2015 செப்டம்பரில் மூணாற்றுத் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் பெண்கள், தொழிற்சங்கத் தலைவர்களையும் ஒதுக்கிவிட்டுத் தாமே திரண்டு தெருவில் அமர்ந்தனர். ‘பெம்பிளை ஒருமை’ என்ற பெயரை நாடே கேட்டது. பத்திரிகைகள் பல மொழிகளில் எழுதின. அந்தப் பெண்கள் பேசிய தமிழில் அவர்கள் சொன்ன சொற்களைத் தொகுத்து வைக்கும் கடமை யாருடையது? 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களின்மேல் விழுந்தது. 70 உயிர்கள் போயின. அவர்களுள் மிகப் பெரும்பாலோர் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பத்தினர். ஆண்டுக்கு ஒருமுறை நினைவுகூர்ந்துவிட்டு மறந்துபோகத் தக்க செய்தியா அது?

இவற்றையெல்லாம் வகைப்படுத்தி வைக்க ஒரு தளம் வேண்டும். பலர் எழுத, சிலர் திருத்த, யாவரும் படிக்க வழி செய்யும் நிரல்களை உள்ளடக்க மேலாண்மை நிரல்கள் என்பர். வேர்ட்பிரஸ், துருப்பல், ஜூம்லா, புளோன் முதலியவை அத்தகையன. விலை இல்லை, உரிமம் கேட்டு யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. இவற்றுள் துருப்பலின் பிறப்பை மாணவர்கள் அறிந்திருக்க வேண்டும். பெல்ஜிய நாட்டின் ஆன்ட்வெர்ப் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்த திரீஸ் பையிடார்ட் என்னும் மாணவர், தம் விடுதித் தோழர்கள் ஒருவருக்கொருவர் செய்தி எழுதிக்கொள்ள ஒரு சிறு தளம் அமைத்தார். அதுவே வளர்ந்து 2001 ஜனவரியில் துருப்பல் என்ற பெயரில் உலகுக்கு வழங்கப்பட்டது. வேர்ட்பிரசைத் தொடங்கிய இருவருள் ஒருவரான மாட் முல்லன்வெக்கும் 2003 இல் ஹூஸ்டன் பல்கலைக்கழக மாணவரே. விடுதி அறையில் தொடங்கலாகாத காரியம் இது அன்று.

"எல்லாம் சரி, எங்கே வைப்பது?" என்று கேட்பீர்கள். இங்கேதான் நம்மவர் பலர் சோர்ந்து விடுகின்றனர். துறையில் ஒரே ஒரு வழங்கிதான் இருக்கும். அதன் 80 ஆம் வாயிலில் துறையின் அலுவல் தளம் அமர்ந்திருக்கும். ஒரு முகவரியில் ஒரு வாயிலில் ஒரு நேரத்தில் ஒரு நிரல்தான் காத்திருக்க இயலும். இரண்டாவது நிரல் வந்து அதே வாயிலைக் கேட்டால், ‘முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது’ என்று இயங்குதளம் மறுத்துவிடும். தேர்வு முடிவும் கட்டணச் செய்தியும் தாங்கி நிற்கும் தளத்தை மாணவர் மன்றத்துக்காக எழுப்பிவிட எந்தப் பொறுப்பாளரும் ஒப்பார். ஒப்பவும் கூடாது. அவர் மறுப்பதில் தவறில்லை. மறுத்தவுடன் நாம் திரும்பி வந்துவிடுவதில்தான் தவறு. 80 இல்லை என்றால் 8080 இருக்கிறதே!

வேறு வாயிலில் தொடங்குவது தாழ்வு என்று எண்ண வேண்டாம். வலை என்னும் பெருங்கட்டடமே அப்படித் தொடங்கியதுதான். டிம் பெர்னர்ஸ்-லீ ஜெனீவாவில் வலையை உருவாக்கிய தொடக்க நாட்களில் அது தட்டிய வாயில் 2784. இணைய எண்களைப் பங்கிட்டு வந்த ஜான் போஸ்டல் 1992 ஜனவரி 24 அன்று 80 ஐ வலைக்கென ஒதுக்கினார். அதன்பின் எழுதப்பட்ட நிரலில் ஒரு குறிப்பு உண்டு: முதலில் 80 ஐத் தட்டு, மறுமொழி இல்லையேல் பழைய வாயிலான 2784 ஐத் தட்டிப் பார். இன்று உலகமே நுழையும் பெருவாயில் கிடைப்பதற்கு முன்னர், வலையும் ஓரத்து வாயிலில்தான் குடியிருந்தது. ஆனால் ஒன்றை மறவாதீர்கள். அது அங்கேயே தங்கிவிடவில்லை.

சரி, ஓரத்து வாயிலைத் திறப்பது எப்படி? சில படிகள் உண்டு. ஒவ்வொன்றையும் காரணத்தோடு அறிந்து செய்தால் குழப்பம் வாராது.

முதற்படி, எண்ணைத் தேர்ந்தெடுத்தல். லினக்ஸ் இயங்குதளத்தில் 1024 க்குக் கீழ்ப்பட்ட வாயில்களைத் திறக்க வழக்கமாக ஆளுநர் உரிமை வேண்டும். அதற்கு மேற்பட்டவற்றை எளிய பயனரும் திறக்கலாம். மாணவர் கணக்கில் 80 திறவாது. 8080 திறக்கும் என்பதன் காரணம் இதுவே. 8080 என்பது வலைக்குரிய மாற்று எண்ணாகப் பதிவு பெற்றதும் ஆகும். அதனாலேயே டாம்கேட், ஜென்கின்ஸ், புளோன் போன்ற பலவும் முதலில் அங்கேதான் வந்து அமரும். ஆகவே அங்கே யாரேனும் முன்பே குடியிருக்கிறாரா என்று பார்த்துவிட்டு, இருந்தால் வேறொரு எண்ணைக் கொள்ளுங்கள். 32768 க்கு மேலே போகாதிருப்பது நலம். அங்கே லினக்ஸ் தன் தற்காலிகத் தேவைக்கு எண்களை எடுத்துக்கொள்ளும். இன்னும் ஓர் எச்சரிக்கை: 6000, 6665 முதல் 6669 வரை, 10080 போன்ற சில எண்களை உலாவிகளே தீங்கு கருதித் தடுத்து வைத்துள்ளன. அவற்றில் தளம் அமைத்தால் வழங்கி நன்றாக இருக்கும். உலாவி மட்டும் போக மறுக்கும். குற்றம் எங்கே என்று தெரியாமல் இரவெல்லாம் விழித்திருக்க நேரும்.

இரண்டாம் படி, வழங்கி நிரலுக்கு எண்ணைச் சொல்லுதல். அப்பாச்சி என்னும் வழங்கி நிரலில் ‘லிசன் 80’ என்றொரு ஆங்கில வரி இருக்கும். ‘80 இல் காதுகொடுத்துக் காத்திரு’ என்பது அதன் பொருள். அதை 8080 என்று மாற்ற வேண்டும். தளத்தின் பெயரோடு பிணைந்த பகுதியிலும் 80 என்று இருக்கும். அதையும் மாற்ற வேண்டும். ஒன்றை மாற்றி ஒன்றை மறந்தவர்கள், ‘திறக்கிறது, ஆனால் வேறு பக்கம் வருகிறது’ என்று வியப்பதுண்டு.

மூன்றாம் படியே மிக முக்கியமானது. தளத்தின் நிரலுக்கும் தன் புது முகவரி தெரிய வேண்டும். வேர்ட்பிரஸ் தன் முகவரியைத் தரவுத்தளத்தில் இரண்டு இடங்களில் எழுதி வைத்துக்கொள்கிறது. அங்கே 8080 என்பது சேர்க்கப்படாவிட்டால், வாசகர் 8080 இல் வந்து தட்டுவார். நிரலோ, "என் முகவரி இதுவன்று" என்று அவரை 80 க்கு அனுப்பிவிடும். அங்கே போனால் துறையின் அலுவல் தளம் நிற்கும். வாயிலை மாற்றியும் வேலை செய்யவில்லை என்று நொந்துகொள்வோரில் பெரும்பாலோர் இடறி விழும் கல் இதுதான். வீடு மாறியவன் தன் கடிதத் தலைப்பில் பழைய முகவரியையே அச்சிட்டு அனுப்பினால் மறுமொழி எங்கே போகும்? அதுபோலத்தான்.

நான்காம் படி, காவலுக்குச் சொல்லுதல். வழங்கியில் தீயரண் என்னும் காவல் இருக்கும். புது வாயிலுக்கு அது வழிவிட வேண்டும். ரெட் ஹாட், ஃபெடோரா வகை லினக்சில் இன்னுமொரு காவலும் உண்டு. வலை வழங்கி எந்தெந்த எண்களில் அமரலாம் என்ற பட்டியலை அது வைத்திருக்கும். பட்டியலில் இல்லாத எண்ணைத் தேர்ந்தெடுத்தால் அதற்கும் முன்கூட்டி அறிவிக்க வேண்டும்.

இவ்வளவும் செய்துவிட்டால், வளாகத்தின் வலையமைப்புக்குள் உள்ள தோழர்கள் அனைவரும் தளத்தைக் காணலாம், எழுதலாம், திருத்தலாம். ஒரு மாலைப்பொழுதின் வேலை.

இங்கேதான் என் கருத்தைச் சற்று அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. ‘8080 இல் தளம் ஓடுகிறது, வேலை முடிந்தது’ என்று கைதட்டிவிட்டு எழுந்து போகிறவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஓரத்து வாயில் தொழிற்கூடத்துக்கு ஏற்றது. பொதுமக்கள் வந்து போகும் மன்றத்துக்கு ஏற்றதன்று.

ஏன் என்று பாருங்கள். தளத்தின் முகவரியை மன்றத்தின் அறிவிப்பில் அச்சிடுகிறோம். அதைப் படித்த தோட்டப்பள்ளி ஆசிரியர் கைப்பேசியில் எழுதுகிறார். முகவரியை எழுதுவார், வாலாக ஒட்டியிருக்கும் எண்ணை விட்டுவிடுவார். அவர்மேல் குற்றமில்லை. எண் எழுதும் பழக்கம் யாருக்கும் இல்லை. எண்ணையும் சேர்த்து எழுதினார் என்றே வைத்துக்கொள்வோம். பல அலுவலகங்களும் நிறுவனங்களும் 80, 443 ஆகிய இரண்டையும் தவிர மற்ற வாயில்களுக்கு வெளியே போக விடுவதில்லை. அவர் பள்ளியிலோ நூலகத்திலோ அமர்ந்து திறந்தால் வெற்றுத்திரைதான் கிடைக்கும். 2023 ஜூன் 5 அன்று தொடங்கப்பட்ட கே-ஃபோன் கண்ணாடி இழை வலையமைப்பு மலைமேலுள்ள பள்ளிகளையும் அலுவலகங்களையும் இணைப்பதைக் குறிக்கோளாகக் கொண்டது. இழை மலையேறி வந்தும் நம் தளம் திறவாமல் போனால் அந்தக் குறை நம்முடையது.

"ஓரத்து வாயிலில் இருந்தால் திருடர் கண்ணில் படாது, பாதுகாப்பல்லவா?" என்பார் சிலர். இது பெரிய மயக்கம். மிச்சிகன் பல்கலைக்கழகத்தார் 2013 இல் வெளியிட்ட ஜீமேப் என்னும் கருவி, பழைய முகவரி முறையில் அமைந்த இணையம் முழுவதிலும் குறிப்பிட்ட ஒரு வாயில் எங்கெங்கே திறந்திருக்கிறது என்பதை முக்கால் மணி நேரத்துக்குள் கண்டறிய வல்லது. இத்தகைய கருவிகள் நிலவும் காலத்தில் 8080 எவ்வளவு மறைவான இடம்? பின்கட்டுக் கதவு பூட்டாகிவிடாது. நிரலைப் புதுப்பித்தலும், வலிய கடவுச்சொல்லும், மறைகுறியிட்ட இணைப்புமே பூட்டு. எண் வெறும் எண்தான்.

அப்படியானால் என்ன செய்வது? 80 இல் அலுவல் தளம் இருக்கிறதே, அதை எழுப்ப முடியாதே என்றோமே! எழுப்ப வேண்டியதில்லை. ஒரு வாயிற்காவலன் போதும். அப்பாச்சியோ என்ஜின்எக்ஸோ 443 இல் நின்றுகொண்டு, வருவோர் எந்தப் பெயரைச் சொல்லி வருகிறார் என்று பார்க்கும். துறையின் பெயரைச் சொல்லி வந்தால் அலுவல் தளத்துக்கு அனுப்பும். தமிழ் மன்றத்தின் பெயரைச் சொல்லி வந்தால் உள்ளே 8080 இல் அமர்ந்திருக்கும் நம் தளத்திடம் கேட்டு வாங்கி வாசகருக்குக் கொடுக்கும். வாசகருக்கு 8080 என்ற எண்ணே தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. இதை மறுமுகப் பதிலி என்று கணிப்பொறி நூலார் வழங்குவர். இந்நிலையில் நம் தளம் வெளியாருக்குக் காதுகொடுக்காமல், அந்தக் கணிப்பொறியின் உள்முகவரியான 127.0.0.1 இல் மட்டும் காத்திருந்தால் போதும். தீயரணில் திறந்த வழியையும் மூடிவிடலாம். வேர்ட்பிரசுக்குள் எழுதிய முகவரியிலிருந்து 8080 ஐ நீக்கிவிட்டுப் பொதுமுகவரியை எழுத மறவாதீர்கள். வாசகர் வந்தது எந்தப் பெயரில், எந்த வகை இணைப்பில் என்பதைக் காவலன் தளத்துக்குச் சொல்லும்படியும் அமைக்க வேண்டும். சொல்லாவிட்டால் தளம் வாசகரைத் திரும்பத் திரும்ப வாயிலுக்கே அனுப்பிச் சுழலவிடும்.

மறைகுறிச் சான்றிதழையும் இதனோடு சேர்த்து எண்ண வேண்டும். லெட்ஸ் என்கிரிப்ட் என்னும் நிறுவனம் விலையின்றிச் சான்றிதழ் தருகிறது. தளம் நம்முடையதுதானா என்று அது சோதிக்கும் எளிய முறை 80 ஆம் வாயிலைத் தட்டித்தான் சோதிக்கும். 8080 இல் வந்து தட்டாது. பெயர்ப் பதிவேட்டில் ஒரு குறிப்பை எழுதிக் காட்டும் வேறு முறையும் உண்டு. எப்படியாயினும் பெயரையோ பெருவாயிலையோ ஆளும் பொறுப்பாளரின் உதவி தேவைப்படும். ஆகவே அவரோடு பகைத்துக்கொண்டு பின்கட்டிலேயே குடியிருப்பது வீரமன்று. செய்து முடித்த வேலையைக் காட்டி, "ஐயா, உங்கள் காவலனிடம் எங்கள் பெயரையும் சொல்லி வையுங்கள்" என்று கேட்பதே அறிவுடைமை. வெறுங்கையோடு போய் இடம் கேட்பவனுக்கும், நூறு கட்டுரையோடு போய் வழி கேட்பவனுக்கும் வேறுபாடு உண்டல்லவா?

இன்னொரு சாரார் உளர். "இவ்வளவு தொல்லை எதற்கு? சமூக ஊடகத்தில் எழுதினால் ஒரு நொடியில் ஆயிரம் பேர் படிப்பார்களே!" என்பர். எழுதுங்கள், வேண்டாமென்று யார் சொன்னார்? ஆனால் அதைச் சேமிப்புக் கிடங்கென்று எண்ணாதீர்கள். யாஹூ நிறுவனம் ஜியோசிட்டீசை 2009 இல் மூடியது. கூகுள் பிளஸ் 2019 ஏப்ரலில் மூடப்பட்டது. பல்லாயிரவர் எழுதி நிரப்பிய வீடுகள் உரிமையாளர் சொன்ன நாளில் இடிந்தன. வாடகை வீட்டுச் சுவரில் எழுதிய பாட்டு சுண்ணாம்பு அடிக்கும் வரைதான் நிற்கும். மதுரைத் திட்டத்தார் 1998 முதல் பழந்தமிழ் நூல்களைத் திரட்டியதும், ஈழத்து நூல்களை நூலகம் திட்டத்தார் 2005 முதல் திரட்டியதும், பிறர் சுவரில் எழுதியா? தமக்கென இடம் அமைத்துத் திரட்டியதால்தான் இன்று நாம் படிக்கிறோம்.

சொந்த வீடு என்றால் சொந்தப் பொறுப்பும் உண்டு. மாணவர் மன்றத்தில் மூன்றாண்டுக்கு ஒருமுறை ஆட்கள் மாறிவிடுவர். அமைத்தவர் பட்டம் பெற்றுப் போனபின் கடவுச்சொல் தெரியாமல் கிடக்கும் தளம், பூட்டிய வீட்டினும் கேடானது. புதுப்பிக்கப்படாத நிரலில் பிறர் புகுந்து குடியேறுவர். எனவே எந்த எண்ணில் தளம் இருக்கிறது, எந்தக் கோப்பில் அது எழுதப்பட்டுள்ளது, காவலனுக்கு என்ன சொல்லப்பட்டுள்ளது, கடைசியாகப் படி எடுத்த நாள் எது என்பவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் தமிழில் எழுதி மன்றச் செயலாளர் அடுத்தவரிடம் ஒப்படைக்க வேண்டும். படி ஒன்றை வேறோர் ஊரிலும் வைக்க வேண்டும். 2018 ஆகஸ்ட் மழையில் மூணாறு அரசுக் கல்லூரியின் கட்டடம் மண்சரிவில் இடிந்ததை நாம் கண்டோம். மலையில் வாழ்வோர் ஒரே இடத்தில் எதையும் வைத்துவிட்டு உறங்க இயலாது. சித்தூரில் உள்ளதற்கு மூணாற்றில் ஒரு படி, மூணாற்றில் உள்ளதற்குச் சித்தூரில் ஒரு படி என்று இரு மாவட்டத்து மாணவரும் ஒருவர்க்கொருவர் காப்பாக நிற்கலாமே!

நண்பர்களே, இந்தப் பருவத்திற்குள் செய்யத்தக்கது இதுதான். லினக்ஸ் அறிந்த ஒருவரும், தோட்டத்தையோ வயலையோ அறிந்த ஒருவரும் இணையுங்கள். துறைத்தலைவரின் ஒப்புதலோடு பழைய பெட்டி ஒன்றைக் கேட்டு வாங்குங்கள். 8080 ஐத் திறந்து வளாகத்துக்குள் தளத்தை ஓடவிடுங்கள். விடுமுறைக்கு ஊர் செல்லும் ஒவ்வொருவரும் ஒரு கட்டுரை கொண்டு வாருங்கள். உங்கள் தாயார் கொழுந்து பறித்த மலையைப் பற்றி எழுதுங்கள். உங்கள் தந்தையார் தண்ணீருக்குக் காத்திருந்த வாய்க்காலைப் பற்றி எழுதுங்கள். நீங்கள் படித்த தமிழ்ப்பள்ளி தொடங்கிய கதையை அங்குள்ள முதியோரிடம் கேட்டு எழுதுங்கள். நூறு கட்டுரைகள் சேர்ந்த அன்று, பெருவாயிலில் நம் பெயரைச் சொல்ல அனுமதி கேட்டு ஒரு விண்ணப்பம் எழுதுவோம். அதைத் தமிழிலேயே எழுதுவோம். மன்றத் தலைவரும் செயலாளரும் கையெழுத்திட்டால் மட்டும் போதாது; எழுதிய நூறு பேரும் இடுவோம்.